ராஜ விவாகமும் சித்திரக்காரரும்

வில்லியம் பவல் ஃபிரித் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர் 1863-ம் வருஷம் ஆரம்பித்து 1865-ல் காட்சிக்கு வைத்த ஒரு பெரிய படத்தைப் பற்றி எழுத உத்தேசம். அந்தப் படம் தோல்வி என்பது என் கட்சி. ஆனால் அது ஏன் தோற்றது என்று யோசிக்கப் போனால், கதை எழுதுகிறவனுக்கும் கதை படிக்கிறவர்களுக்கும் உபயோகமான சில விஷயங்கள் அகப்படுகின்றன. வெற்றி பெற்ற படங்களில் இவ்வளவு அகப்படுவதில்லை.

வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டுக்கும் டென்மார்க் ராஜகுமாரி அலெக்ஸாண்ட்ராவுக்கும் 1863 மார்ச் 10-ந் தேதி வின்ட்ஸர் கோட்டையிலுள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் நடந்த விவாகம்தான் விஷயம். ஏழடி உயரம், பத்தடி அகலம் உள்ள கித்தான். மாப்பிள்ளையின் வயது 21, பெண்ணுக்கு 18. மாப்பிள்ளை கார்ட்டர் வீரர்களின் நீல வெல்வெட் அங்கி தரித்திருக்கிறார். பெண்ணின் வெள்ளைப் பட்டின் நீண்ட பின்தொங்கலைத் தாங்க எட்டுத் தோழிகள். எண்மரும் உயர்ந்த பிரபு குடும்பங்களின் கன்னிப் பெண்கள். பேராயர், பாதிரிமார், அரச குடும்பத்தார், வெளிநாட்டு விருந்தாளிகள் எல்லோரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முகமும் இன்னார் என்று சொல்லக்கூடிய முகம். நான் அச்சுப் பிரதிகளில்தான் பார்த்திருக்கிறேன். முதல் தடவை பார்த்தபோது நம் வீட்டுக் கல்யாண கோஷ்டிப் படங்கள்தான் நினைவுக்கு வந்தன. யார் யார் வந்திருந்தார்கள் என்பது நன்றாகத் தெரிகிறது. என்ன நடந்தது என்பது தெரியவில்லை.

ஆனால் மேலே ஒரு ஓரத்தில், சுவரிலிருந்து மரவேலைப்பாட்டுடன் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு மாடத்தில், கறுப்பு உடுத்த ஓர் உருவம் இருக்கிறது. வெள்ளை விதவைக் குல்லாய் வைத்திருக்கிறது. மாப்பிள்ளையின் தாயார், விக்டோரியா மகாராணி. கண் ஒரு தடவை அங்கே போய்விட்டால் பிறகு மணமக்களிடம் திரும்பி வர மாட்டேன் என்கிறது. ஃபிரித் இதை உத்தேசித்துச் செய்தாரா, அல்லது உண்மையில் இருந்ததை இருந்த இடத்தில் வைத்ததால் தானாக நேர்ந்ததா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாது. எப்படியானாலும் படத்தில் கதை இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

ஃபிரித்தைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். 1819-ல் பிறந்து 1909 வரையில் வாழ்ந்தவர். ஜனக்கூட்டத்தை அவரைப்போல் கதையாகப் பார்த்த சித்திரக்காரர்கள் குறைவு. டிக்கன்ஸ் நாவலில் செய்ததை இவர் கித்தானில் செய்ய முயன்றார் என்று சொல்வது வழக்கம். டிக்கன்ஸின் ஆழம் இவருக்குக் கிடையாதுதான். ஆனாலும் ஒப்பீடு முழுவதும் பொய்யல்ல. குதிரைப் பந்தய மைதானத்துக் கூட்டத்தை ‘டெர்பி தினம்’ என்ற பெயரில் தீட்டி 1858-ல் ராயல் அகாடமியில் வைத்தபோது, பார்க்க வந்தவர்கள் படத்தின் மேல் விழாமலிருக்கத் தடுப்புக் கம்பி போட வேண்டியிருந்தது. அந்தப் படத்தில் கழைக்கூத்தாடிச் சிறுவன் ஒருவன், வித்தை காட்ட வேண்டிய சமயத்தில், பணக்காரர் ஒருவருடைய சேவகன் புல்தரையில் பரப்பி வைக்கும் பட்சணங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறான். சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தோற்ற வாலிபன் ஒருவன் காலியான பைகளில் கையை விட்டுக்கொண்டு நிற்கிறான். இருவருக்கும் பெயர் கிடையாது. அவர்களை யார் என்று நாம் கேட்பதும் இல்லை.

1862-ல் அவர் காட்டிய ‘ரயில்வே ஸ்டேஷன்’ படத்தில் ஒரு கல்யாண கோஷ்டியே வருகிறது. லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் வண்டி புறப்படப் போகிறது. புதுப்பெண் தோழிகளிடம் விடைபெற்றுக்கொண்டு வண்டி ஏறவிருக்கிறாள். அவளுக்குச் சற்றுத் தள்ளி, வண்டிப் படியில் ஒரு காலை வைத்துவிட்ட ஒரு மனிதனைத் துப்பறியும் போலீஸார் இருவர் பிடித்து நிறுத்துகிறார்கள். வண்டிக்குள் முன்னமே ஏறி உட்கார்ந்துவிட்ட அவன் மனைவியின் முகம் வெளியே எட்டிப் பார்க்கிறது. ஒரே பிளாட்பாரத்தில் நாலு கெஜ தூரத்துக்குள் ஒரு குடித்தனம் ஆரம்பமாகிறது, ஒன்று முடிகிறது. ஃபிரித் இதை ஓங்கிச் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். கல்யாணத்தைத் தீட்டத் தெரியாத ஆசாமி அல்ல அவர் என்பதற்கு இதுவே சாட்சி.

இந்தப் படத்தின் வெற்றியைப் பார்த்த கம்பார்ட் என்ற சித்திர வியாபாரி அதே வருஷம் அவருடன் ஒரு பேரம் பேசி முடித்தார். ‘லண்டன் தெருக்கள்’ என்ற தலைப்பில் மூன்று படங்கள்: காலை, நடுப்பகல், இரவு. காலைக்குக் காய்கறிச் சந்தையுள்ள கோவென்ட் கார்டன், நடுப்பகலுக்கு ரீஜென்ட் தெரு, இரவுக்கு நாடகக் கொட்டகைகள் நிறைந்த ஹேமார்க்கெட். மூன்றுக்குமாகப் பதினாயிரம் பவுன். அந்த நாளில் அது ராஜ மரியாதை. ஃபிரித் சிறிய முன்மாதிரிகளும் போட்டுவிட்டார். இந்த நிலையில்தான் அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது, இளவரசரின் விவாகத்தைத் தீட்டித் தர வேண்டும் என்று. வியாபாரி விட்டுக்கொடுத்தார், ராணியின் விருப்பத்துக்கு எதிராக யார் நிற்பது? தெருக்கள் காத்திருக்கட்டும் என்று ஒத்திவைத்தார்கள். பிறகு அவை எழுதப்படவே இல்லை.

ராஜ விவாகங்களைத் தீட்டுவதற்கு ஒரு சம்பிரதாயம் ஏற்பட்டிருந்தது. விக்டோரியா தாமே 1840-ல் மாலையிட்டுக்கொண்ட காட்சியை ஜார்ஜ் ஹேட்டர் தீட்டியிருந்தார். மூத்த பெண் விக்கியின் 1858-ம் வருஷத்து விவாகத்தை ஜான் ஃபிலிப் தீட்டினார். அந்த வரிசையில் மூன்றாவதைச் செய்யச் சொன்னார்கள். முந்திய இரண்டு விவாகங்களும் சாதாரணமான சந்தோஷ நிகழ்ச்சிகள். மூன்றாவது அப்படியல்ல.

ராணியின் கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14-ந் தேதி நாற்பத்திரண்டாவது வயதில் இறந்துபோனார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் மூத்த மகனுக்கு ஒரு நடிகையுடன் ஏற்பட்ட தொடர்பு தகப்பனாருக்குத் தெரிய வந்தது. உடம்பு சரியில்லாத நிலையிலேயே மகனைக் கண்டித்துப் புத்தி சொல்லக் கேம்பிரிட்ஜுக்குப் போய் வந்தார். வந்து படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. டாக்டர்கள் விஷ ஜுரம் என்றார்கள். ராணி மகன்தான் காரணம் என்றார். அவனைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு நடுங்குகிறது என்ற பொருள்பட மூத்த பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். அந்த மகனுக்குத்தான் கல்யாணம். பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்ததோ, பிரஷ்யாவின் பட்டத்து இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டுப் பெர்லினில் இருந்த அந்த மூத்த பெண்தான். ஆல்பர்ட் சம்மதித்துவிட்டுப் போன சம்பந்தம் என்பதால் அது ராணிக்கு ஒரு கட்டளையைப் போலாகிவிட்டது.

ஆகவே விவாகம் நடந்தது. ஆனால் துக்கத்தின் வீட்டில் நடந்தது. லண்டனில் வைக்காமல் வின்ட்ஸரில் வைத்தார்கள். கிறிஸ்தவர்களின் தவக்காலத்தில் கல்யாணம் வேண்டாம் என்று பேராயர் ஆட்சேபித்துப் பார்த்தார், ராணி கேட்கவில்லை. ‘பஞ்ச்’ என்ற ஹாஸ்யப் பத்திரிகை, இவ்வளவு மறைவாக நடப்பதனால் பத்திரிகையில் இரண்டு வரி விளம்பரம் போட்டால் போதுமே என்று கேலி செய்தது. விருந்துக்கு வந்த சீமாட்டிகள் சாம்பல், ஊதா மாதிரியான பாதித் துக்க வர்ணங்களில்தான் உடுத்தி வர வேண்டும் என்று உத்தரவு. கல்யாணத்துக்கு முதல் நாள் ராணி மணமக்களை ஃபிராக்மோருக்கு, ஆல்பர்ட்டின் சமாதி மண்டபத்துக்கு, அழைத்துப் போய் அங்கே அவர்களுடைய கைகளைச் சேர்த்துவைத்துத் தகப்பனாரின் ஆசீர்வாதத்தை அளித்தார். உண்மையான விவாகம் ராணியின் மனசில் அங்கே நடந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மறுநாள் தேவாலயத்தில் நடந்தது ஊருக்காக.

தேவாலயத்திலும் அவர் கூட்டத்தோடு உட்காரவில்லை. பலிபீடத்துக்கு மேலே ஒரு பக்கமாக, எட்டாவது ஹென்றி தம் முதல் மனைவி அரகன் காதரீனுக்காகக் கட்டிய மாடம் ஒன்று உண்டு. விழாக்களை அவள் அங்கிருந்து பார்க்கலாம் என்று கட்டியது. அவளை அவன் பிறகு தள்ளிவைத்தது எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். யார் கண்ணிலும் படாமல் தனி வழியாக வந்து அதில் ராணி உட்கார்ந்துகொண்டார். கறுப்பு உடை, அதன் மேல் கார்ட்டர் விருதின் நீல நாடா.

அன்றைக்கு அந்தத் தேவாலயத்தில் நாவலாசிரியர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் டிஸ்ரேலி. இன்னும் பிரதம மந்திரியாகவில்லை; ஆனால் பெயர் பெற்ற அரசியல்வாதி, பெயர் பெற்ற நாவலாசிரியர். கிட்டப் பார்வைக்காரர். ஒற்றைக் கண்ணாடியைத் தூக்கி மாடத்தை நோக்கினார். ராணி நேராகத் தம்மையே பார்ப்பதைக் கண்டு வெலவெலத்துப் போய்க் கண்ணாடியைக் கீழே போட்டவர், பிறகு அந்தத் திசையில் திரும்பத் துணியவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இன்னொருவர் சார்லஸ் கிங்ஸ்லி. பாதிரியார் என்ற முறையில் வந்திருந்தார். ஆல்பர்ட் இயற்றிய ஒரு பக்திப் பாட்டைப் பாடகர் குழு பாட ஆரம்பித்தது. ஜென்னி லிண்டின் குரல் எல்லாக் குரல்களுக்கும் மேலே எழும்பியது. அப்போது ராணி தலையை நிமிர்த்தி, அங்கே இல்லாத ஒருவரைத் தேடுகிறவர்போல மேலே பார்த்தாராம். இதைக் கிங்ஸ்லி கவனித்திருக்கிறார். இரண்டு நாவலாசிரியர்களுமே மணப்பெண்ணை விட்டுவிட்டு மாடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். தொழில் புத்தி.

ஃபிரித்தும் அன்று அங்கே ஓர் ஓரத்தில் நின்றுகொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். இவர் கையில் இது எப்பேர்ப்பட்ட கதையாக ஆகியிருக்க வேண்டும்! மகனை மன்னிக்காத தாய். இன்னொரு ராணிக்காகக் கட்டிய கூண்டில் அவள். கீழே ஒன்றும் தெரியாத பதினெட்டு வயசுப் பெண். டெர்பி மைதானத்தில் பட்சணத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற கூத்தாடிச் சிறுவனைக் கண்டுபிடித்த கண்ணுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா?

தெரிந்துதான் இருந்தது. ஆனால் கித்தானில் அதற்கு இடம் இல்லை. ஒவ்வொருவருடைய முகமும் ஜாடை பிசகாமல் வர வேண்டும். ஒவ்வொரு விருதும் அதனதன் இடத்தில் தொங்க வேண்டும். ஒருவர் முகத்தை இன்னொருவர் தோள் மறைத்துவிட்டால் மறைக்கப்பட்டவர் கோபித்துக்கொள்வார். பெயர் உள்ள ஜனங்களைக் கொண்டு கூட்டம் தீட்ட முடியாது என்பது இந்தப் படத்தைப் பார்க்கும்போது புரிகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தமக்காக நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருப்பதால் எந்த அர்த்தமும் பிறக்காது. ‘ரயில்வே ஸ்டேஷ’னில் புதுப்பெண்ணும் கைதியும் பக்கத்தில் நிற்பதனால் உண்டான கதை, தேவாலயத்தில் ராஜகுமாரனும் ராஜகுமாரியும் பக்கத்தில் நிற்பதனால் உண்டாகவில்லை. சரிகையும் வெல்வெட்டும் நன்றாக வந்திருக்கின்றன. அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கித்தானில் வராத கதையை ஃபிரித் வேறு ஓரிடத்தில் சொல்லிவிட்டார். இருபது வருஷங்களுக்கு மேல் கழித்து, 1887-ல், அவர் வெளியிட ஆரம்பித்த சுயசரிதையில் இந்தப் படத்துக்காகப் பட்ட பாட்டை விவரித்திருக்கிறார். என்னைக் கேட்டால் அவர் தீட்டிய ராஜ விவாகம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

எல்லோரையும் தனித்தனியே உட்காரவைத்து முகம் எழுத வேண்டியிருந்தது. நேரம் கொடுக்காதவர்கள், கல்யாணத்தன்று உடுத்திய உடையை அனுப்ப மறுத்தவர்கள் என்று பல பேர். மணப்பெண் அலெக்ஸாண்ட்ரா வந்து உட்காருவாள். ஆனால் தலையை ஒரே நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது அவளுக்குப் புரிவதில்லை. சித்திரக்காரர் தயங்கித் தயங்கி இளவரசரிடம் சொல்ல, அவர் மனைவியைக் கண்டித்தார். நான் ஒழுங்காகத்தான் உட்காருகிறேன் என்று அவள் வாதாடினாள். இல்லை என்றார் இவர். கடைசியில் சிரிப்பில் முடிந்தது. புதுசாகக் கல்யாணமான எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி. பத்தடிக் கித்தானில் எங்கேயும் இந்த இருவர் இவ்வளவு நெருக்கமாக இல்லை.

கடைசிப் பெண் பியாட்ரிஸுக்கு விவாகத்தின்போது ஆறு வயசுகூட நிரம்பவில்லை. நீயும் மணப்பெண் தோழியாக இருந்திருக்கலாமே என்று ஃபிரித் பேச்சுக் கொடுத்தார். எனக்குக் கல்யாணமே பிடிக்காது, நான் பண்ணிக்கொள்ள மாட்டேன், அம்மாவோடேயே இருந்துவிடுவேன் என்றது குழந்தை. ஃபிரித் இதை வேடிக்கையாகத்தான் சொல்கிறார். அவர் புத்தகம் வெளிவந்த காலத்தில் அவள் கல்யாணம் ஆனவள். 1885-ல் பாட்டன்பெர்க் இளவரசர் ஹென்றியைக் கைப்பிடித்தாள். விருப்பத்தைத் தெரிவித்ததும் தாயார் மாதக் கணக்கில் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு சீட்டெழுதி அனுப்பினார். மாப்பிள்ளை வந்து தம் வீட்டோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் சம்மதம் கிடைத்தது. சின்ன வயசில் மழலையாகச் சொன்னதில் பாதியைத் தாயார் நிறைவேற்றி வைத்துவிட்டார்.

எல்லாவற்றிலும் சிறந்தது ராணியின் முதல் பேரன் கதை. விக்கியின் பிள்ளை வில்லியம், நாலு வயசு. கல்யாணத்துக்கு ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையில் வந்தவன் சும்மா இருக்கவில்லை; அடக்கப் பார்த்த சிறிய மாமன்மார்களைக் காலில் கடித்துவிட்டான். படம் எழுத உட்கார்ந்தபோதும் அதே விஷமம். பையனைச் சமாளிக்க ஃபிரித் ஒரு யுக்தி செய்தார். பெரிய கித்தானின் கீழ்ப்பாகத்தில் ஓரடிச் சதுரம் அளவுக்கு ஒதுக்கி, தூரிகையும் வர்ணமும் கொடுத்து, இது உன் இடம், இதில் நீ தீட்டு என்று விட்டுவிட்டார். பையன் சந்தோஷமாகத் தீட்டினான், முகமெல்லாம் வர்ணம். உபாத்தியாயினி வந்து பார்த்துப் பதறிப்போனாள். டர்பன்டைன் தொட்டுத் துடைத்தபோது அது முகத்திலிருந்த ஒரு கீறலில் பட்டு எரிய, அவன் கூச்சல் போட்டு உதைத்து மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். பிற்பாடு 1888-ல் ஜெர்மன் சக்கரவர்த்தியாகி, 1914-ம் வருஷத்து யுத்தத்தில் உலகமே எவன் பெயரைச் சொல்லிற்றோ அந்தக் கெய்ஸர் வில்ஹெல்ம் இவன்தான். ஃபிரித் 1909-ல் இறந்துவிட்டதால் அந்த யுத்தத்தைப் பார்க்கவில்லை. முடிந்த படத்தில் அந்த ஓரடிச் சதுரம் சரியாக மேல்பூச்சுப் பூசி மறைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவர் படம் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு யுத்தம் வந்துவிட்டது. விவாகமான எட்டு மாசத்தில், 1863 நவம்பரில், அலெக்ஸாண்ட்ராவின் தகப்பனார் டென்மார்க்குக்கு ராஜாவானார். அடுத்த பிப்ரவரியில் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பிரதேசங்களுக்காகப் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அவர்மேல் படையெடுத்தன. அக்டோபரில் சமாதானம் ஆனபோது டென்மார்க் அந்தப் பிரதேசங்களை இழந்திருந்தது. இப்போது படத்தைப் பாருங்கள். பெண்ணின் தகப்பனார் ஒரு பக்கம். அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்த நாத்தனார் விக்கி ஒரு பக்கம். அவள் கணவர் பிரஷ்யாவின் பட்டத்து இளவரசர், டென்மார்க்குக்கு எதிராகப் போன படையோடு போனவர். ஒரே தேவாலயத்தில் பக்தியுடன் இவர்களை நிறுத்தி வைத்துச் சித்திரக்காரர் சட்டை மடிப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார்! அலெக்ஸாண்ட்ரா பிரஷ்யர்களை அதற்குப் பிறகு ஜன்மத்தில் மன்னிக்கவில்லை. 1865-ல் ராயல் அகாடமியில் படம் தொங்கியபோது அதிலிருந்த குடும்ப ஒற்றுமை பழைய சரித்திரமாகிவிட்டது. இதற்கு ஃபிரித்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. 1863 மார்ச் 10-ந் தேதியைத் தீட்டு என்றார்கள்; தீட்டினார்.

விருந்தாளிகளில் ஓர் இந்திய முகமும் உண்டு: மகாராஜா துலீப் சிங். ஐந்து வயசில் பஞ்சாபின் சிம்மாசனத்தில் ஏற்றி, பத்து வயசில் 1849-ல் இறக்கிவிட்டார்கள். கோஹினூர் வைரமும் அப்போதுதான் கைமாறியது. 1854 முதல் இங்கிலாந்தில் ராணியின் அபிமானத்துக்குப் பாத்திரமாக வளர்ந்தார். ஃபிரித் அவரை வர்ண விசேஷத்துக்காகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார், அதில் ஆச்சரியமில்லை. படம் எழுதப்பட்ட சமயம் அவர் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. பல வருஷம் பிரித்து வைக்கப்பட்டிருந்த தாயார் ஜிந்தன் கௌர் 1861-ல்தான் அவரிடம் வந்து சேர்ந்தாள். 1863 ஆகஸ்டில் லண்டனிலேயே இறந்துபோனாள். தாயைப் பறிகொடுத்த மகன் ஒருவன் ஓரத்தில். மகனைக் கண்ணெடுத்துப் பார்க்க முடியாத தாய் ஒருத்தி மாடத்தில். இரண்டையும் கோத்துப் பார்க்க டெர்பி தினத்து ஃபிரித்துக்கு முடிந்திருக்கும்.

மாலையில் மணமக்கள் ஆஸ்பார்ன் மாளிகைக்குப் போய்விட்டார்கள். ராணி தனியாக ஃபிராக்மோர் சமாதிக்குப் போனார். விருந்தாளிகள் லண்டன் திரும்ப வின்ட்ஸர் ஸ்டேஷனில் முட்டி மோதினார்கள். வைர நகை போட்ட சீமாட்டிகள் மூன்றாவது வகுப்பில் ஏறினார்கள், டிஸ்ரேலி மனைவியின் மடியில் உட்கார்ந்து பிரயாணம் செய்ய நேர்ந்தது. ‘ரயில்வே ஸ்டேஷன்’ எழுதிய மனிதருக்கு இதையும் தீட்டக் கொடுத்து வைக்கவில்லை.

அன்று இரவு லண்டன் முழுவதும் தீபாலங்காரம். இதை ஒருவர் தீட்டினார். ஹோல்மன் ஹண்ட் என்ற சித்திரக்காரர் விளக்குப் பார்க்கத் தெருவுக்குப் போனவர், லண்டன் பாலத்தின் மேல் கூட்டத்தைக் கண்டு அங்கேயே குறிப்பெடுக்க ஆரம்பித்தார். ‘விவாக இரவில் லண்டன் பாலம்’ என்ற அந்தப் படம் 1864-ல் காட்சிக்கு வந்தது. ஆக்ஸ்போர்டிலுள்ள ஆஷ்மோலியன் மியூஸியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாலம் நெடுகக் கம்பங்களும் டென்மார்க்குக் கொடிகளும். கீழே தலை, தலை, தலை. வண்டிகள் நகர முடியாமல் நிற்கின்றன. விளக்கு வெளிச்சம் சில முகங்களில் விழுகிறது, சில முகங்களைத் தாண்டிப் போகிறது. மாப்பிள்ளையும் கிடையாது, பெண்ணும் கிடையாது. யாரைக் கொண்டாட ஜனங்கள் நெருக்கிக்கொண்டு வந்தார்களோ, அவர்கள் அறுபது எழுபது மைல்களுக்கு அப்பால் ஒரு தீவில் இருக்கிறார்கள்.

ஹண்ட் இந்த மாதிரிப் படங்களுக்குப் பழக்கப்பட்டவர் அல்ல. வேத விஷயங்களைத் தீட்டிப் பெயர் வாங்கியவர். அதனால் படத்தில் ஒரு குறை: எல்லா முகங்களையும் ஒரே சிரத்தையோடு எழுதிவிட்டார். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கண் களைத்துப் போகிறது. ஃபிரித்தாக இருந்தால் பத்து இடத்தைத் தேர்ந்தெடுத்து மற்றதை இருட்டில் விட்டிருப்பார். ஆனாலும் இரண்டு படங்களில் ஒன்றை வைத்துக்கொள் என்று சொன்னால் நான் ஹண்டின் படத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். அதில் ஜனங்கள் ஒருவரை ஒருவர் இடிக்கிறார்கள்.

இடி நிஜமானது. அன்றைய நெரிசலில் சில பெண்கள் மிதிபட்டு உயிரிழந்தார்கள். வேறோர் இடத்தில், பாண்ட் தெரு முனையில், சிற்ப சாஸ்திரக் காரியாலயம் ஒன்றில் உதவியாளனாக வேலை பார்த்த இருபத்திரண்டு வயசுக் கிராமத்து வாலிபன் ஒருவன் கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்டான். சட்டைப் பித்தான்கள் தெறித்துப் போய், விலா எலும்பு நொறுங்கும்போலாகி, ஒரு வாசற்படிக்குள் ஒதுங்கித் தப்பினான். அவன் பெயர் தாமஸ் ஹார்டி. இன்னும் ஒரு நாவலும் எழுதவில்லை. அன்றைய விவாகத்தைப் பார்த்த மூன்றாவது நாவலாசிரியர் என்று இவரைச் சொல்ல வேண்டும், ஒன்றையும் பார்க்கவில்லை என்றாலும். பிற்காலத்தில் இவர் எழுதிய கல்யாணங்கள் எப்படிப்பட்டவை என்பதை இவருடைய வாசகர்கள் அறிவார்கள்.

ஃபிரித் உள்ளே இருந்தார், ஹண்ட் வெளியே இருந்தார் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது ஃபிரித்துக்கு நியாயம் செய்வதாகாது. வெளியே, தெருவிலே, இரவிலே இருந்திருக்க வேண்டியவர் அவர்தான்; அதற்கான ஒப்பந்தம் அவர் பையில் இருந்தது. மறுத்திருக்கலாமா? மறுத்திருந்தால் பெரிய நஷ்டம் எதுவும் வந்திருக்காது. ராணி கோபித்துக்கொண்டு வேறொருவரை அழைத்திருப்பார். கௌரவம் பெரிதாகப்பட்டது. உத்தரவின் பேரில் செய்வது எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. உலகத்தின் பெரிய சித்திரங்களில் பாதிக்கு மேல் யாரோ கேட்டுக்கொண்டதனால் உண்டானவை. ஆனால் கேட்டவர்கள் விஷயத்தைக் கொடுத்துவிட்டு விலகி நின்றிருக்கிறார்கள். இங்கே கேட்டவர்களே கூட்டமாக வந்து கித்தானுக்குள் நின்றுகொண்டார்கள்.

எழுதப்படாமல் போன மூன்று தெருக்களில் இரவுக்காக அவர் போட்டு வைத்த முன்மாதிரியைப் பற்றி அவரே விவரம் கொடுத்திருக்கிறார். ஹேமார்க்கெட்டில் நாடகம் விட்டுக் கூட்டம் வெளியே வருகிறது. வண்டி காத்திருக்கிறது. நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தியின் தோளில் ஒரு வாலிபன் மேலங்கியைப் போர்த்திவிடுகிறான். இன்னும் கல்யாணமாகாதவர்கள், ஆனால் ஆகப் போகிறவர்கள் என்று பார்த்தால் தெரிகிறது. தெருவோரத்தில் முகத்துக்குச் சாயம் பூசி, அளவுக்கு மீறி உடுத்திய ஒருத்தி நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.